அந்த வருஷம் நெல்லி காய்க்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை. நெல்லி மரத்தின் கீழ்க்கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முதல் நாள் சாயங்காலம் அந்தக் கிளையில் ஏழு காய் இருந்தது. இப்போது நான்குதான் இருக்கிறது.

மூன்று காய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் வாழாதவர்கள். அரிசி போய், உப்பு போய், சவர்க்காரம் போய், மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று நாக்கு செத்துப்போயிருந்த நேரம் அது. ஒரு நெல்லிக்காயைக் கடித்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் அந்தத் தண்ணீர் இனிக்கும். சீனியைக் கண்ணால் பார்த்தே பல மாதமாகியிருந்த எனக்கு அதுதான் சீனி.

வௌவால் என்றால் மரத்தடியில் சக்கை கிடக்கும். அணில் என்றால் பாதி கடித்துவிட்டுப் புளிப்பு தாங்காமல் போட்டுவிட்டுப் போகும். இங்கே தரை சுத்தமாக இருந்தது. நெல்லிக்காய்க்குக் காம்பு இருப்பதே தெரியாது, கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். பிய்த்த இடத்தில் ஒரு தழும்பு விழும். மூன்று தழும்பும் இன்னும் ஈரமாக இருந்தன. மனுசக் கைதான்.

அதுகூடப் பெரிதில்லை. எங்கள் லயத்தில், ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை யாரும் நெல்லியைத் தொடமாட்டார்கள். தொட்டால் வீட்டிலிருக்கும் லட்சுமி வெளியே போய்விடுவாளாம். லட்சுமி எங்கள் லயத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. சனிக்கிழமை திருடுகிறவள்கூட ஞாயிற்றுக்கிழமை கையைக் கட்டிக்கொள்வாள். கிழமை பார்க்காமல் புளிப்பைத் தேடுகிற வாய் எந்த வாய்? மசக்கைக்காரியின் வாய். அங்கேயே, கிளையைப் பிடித்தபடியே, நான் முடிவு கட்டிவிட்டேன்.

கிள்ளான் வாசகருக்கு

போன வாரம் இந்தப் பத்திரிகையில் மரவள்ளியைப் பற்றி எழுதியபோது, போகிற போக்கில் என் நெல்லி மரத்தையும் ஒரு வரி சொல்லியிருந்தேன். கிள்ளானிலிருந்து ஒரு வாசகர், வீட்டுத் தோட்டத்தில் நெல்லி வளர்ப்பது எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆசிரியரும் "அதையும் எழுதுங்களேன் அம்மா" என்கிறார். பக்கத்தை நிரப்பத்தான் கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகம். எழுதுகிறேன்.

நான் சொல்வது பெருநெல்லி. மலாய்க்காரர்கள் பொக்கோ மலாக்கா என்பார்கள். நான் பிறந்தது புக்கிட் பெலண்டோக் பக்கம். கல்யாணமாகிப் பகாவுக்கு உள்ளே இருந்த தோட்டத்துக்கு வந்தபோது, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கம்போங்கில், மலாய்க்காரர் கிராமத்தில், ஒரு அம்மா கொடுத்த பத்துப் பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். சீர்வரிசையில் உருப்படியாக இருந்தது அதுதான்.

பழத்தை அப்படியே புதைத்தால் முளைக்காது. சதையை எடுத்துவிட்டுக் கொட்டையைத் தகரத்தின் மேல் வெயிலில் காய வையுங்கள். மேலே ஒரு துணி மூடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் கொட்டை தானாகப் பட்டென்று வெடித்து விதையைத் தூக்கி எறியும். துணி இல்லாவிட்டால் விதையைப் பக்கத்து வீட்டில்தான் தேட வேண்டும். விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிட்டு மூழ்குவதை மட்டும் ஊன்றுங்கள்.

தண்ணீர் தேங்குகிற இடம் ஆகாது. மேட்டில் வையுங்கள். முதல் வருஷம் தென்னை ஓலை நிழல் கொடுங்கள். அடுப்புச் சாம்பலும் மீன் கழுவிய தண்ணீரும் போதும். கிளை நுனி குடம் மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே ஒரு கறுப்புப் புழு குடியிருக்கிறது என்று அர்த்தம். வெட்டி நெருப்பில் போடுங்கள். இடம் இருந்தால் இரண்டு மரமாக வையுங்கள், ஒற்றை மரம் கஞ்சத்தனமாகத்தான் காய்க்கும். என்னுடைய இரண்டாவது கன்றை ஆடு தின்றுவிட்டது. யார் வீட்டு ஆடு என்று எனக்குத் தெரியும். அவர்கள் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

பாராங்கை ஓங்குவது

இவ்வளவு பார்த்தும் சில மரம் காய்க்காது. என் மரம் அப்படித்தான் அடம் பிடித்தது. ஆறேழு வருஷம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, பூத்து, எல்லாப் பூவையும் கொட்டியது.

அதற்கு எங்கள் சனம் ஒரு வழி வைத்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேர் மரத்தடிக்குப் போக வேண்டும். ஒருவர் பாராங் என்கிற வெட்டுக்கத்தியை ஓங்கி, "காய்க்காத மரம் எதுக்கு? வெட்டிப்புடுறேன்" என்று மிரட்ட வேண்டும். மற்றவர் ஓடி வந்து தடுத்து, "வேணாம், வெட்டாத, அடுத்த வருசம் காய்க்கும்" என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். இதை மூன்று தடவை செய்யவேண்டும். மூன்றாவது தடவையும் யாரும் கெஞ்சவில்லை என்றால் ஓங்கிய கையைச் சும்மா இறக்கக்கூடாது, மரத்தை வெட்டியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது.

என் வீட்டுக்காரர்தான் பாராங்கை ஓங்கினார். நான் கெஞ்ச வேண்டியவள், அவர் முகத்தை அவ்வளவு கோபமாக வைத்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். "ஏய், சிரிக்காத. மரம் பாக்குதுலா" என்று அதட்டினார். மூன்றாவது தடவை அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகக் கெஞ்சினேன். மறு வருஷம் மரம் காய்த்தது.

அவர் பெயரை எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை. கட்டியவள் சொல்லாத அந்தப் பெயரை ஒருவர் மட்டும் தாளில் எழுதினார். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் ரங்கசாமி. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டபோது, எங்கள் லயத்தில் யார் யார் போவது என்று பட்டியல் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஆள் கூட்டும் பெரட்டுக்களத்தில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தார். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அஞ்சலையின் புருசன் மாரிமுத்துவும் ஒரே லாரியில் ஏறி சிரம்பான் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். "மூணு மாசம்தான், திரும்பிருவாங்க" என்றார் மண்டோர்.

நான் சொல்லும் இந்த நெல்லிக்காய்க் கதை நடந்தது அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து. அதுவரை ஒரு கடிதம் இல்லை.

குழாயடி

எனக்குப் பிள்ளை இல்லை. லயத்தில் கடைசி வீடு என்னுடையது, அதற்கு முந்தினது அஞ்சலையுடையது. மரம் என் வீட்டுக்குப் பின்னால், மரவள்ளிக் கொல்லைக்கு நடுவில் இருந்தது. அந்த வருஷம் நல்ல காய்ப்பு. ஆனால் நான் லயம் முழுக்க, "பூவெல்லாம் மழையில உதிர்ந்துபோச்சு, இந்த வருசம் ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்திருந்தேன். சொல்லாவிட்டால் வீட்டுக்கு இரண்டு என்று கேட்டு மொட்டையடித்துவிடுவார்கள். நெல்லிக்காய் இலை நிறத்தில்தான் இருக்கும், கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். கிட்டே வந்து பார்க்கிற ஒரே ஆள் அஞ்சலை.

அவள் மேல் எனக்கு ஏற்கெனவே சந்தேகம். அவளும் நானும் தினமும் ஒன்றாகத்தான் பால்மரம் வெட்டப் போவோம். கொஞ்ச நாளாக அவள் எனக்கு முன்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நான் பேசினால் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பதில் சொல்வாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் கழித்து, அவள் என் கொல்லையிலிருந்து மடியைப் பிடித்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தேன். நேராகக் குழாயடிக்குப் போனேன். அங்கே குப்பம்மா குடத்தோடு நின்றாள். அவள் காதில் போட்டது அடுத்த தோட்டம்வரை போகும் என்று தெரிந்தவள்தான் நான்.

"கேட்டியா குப்பம்மா, இந்த அஞ்சல எங்கொல்லையில பூந்து நெல்லிக்காய திருடித் திங்கிறா. ஞாயித்துக்கெழமகூட விடல."

"ஒம் மரம்தான் காய்க்கலன்னியே?"

"ஏதோ நாலு காய்ச்சிருக்குலா. அதுக்கா பேச்சு? ஞாயித்துக்கெழம பாக்காம புளிப்புத் தேடுறாள்னா என்னா அர்த்தம்? முழுகாம இருக்கா."

"ஐயையோ! மாரிமுத்து போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே!"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. வெட்கமாக இருந்தாலும் அதையும் எழுதத்தான் வேண்டும்.

மண்டோர் வந்தார்

மறுநாள் மத்தியானம், ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மண்டோர் ரங்கசாமி என் வாசலில் நின்றார். கான்வாஸ் சப்பாத்து கிழிந்துபோய், லாரி டயரில் வெட்டிய செருப்பு போட்டிருந்தார். மனுசர் நல்லதுக்கு ஒரு வாசலை மிதித்து நான் பார்த்ததில்லை.

"என்னா பாக்கியம், ஒம் மரத்து நெல்லிக்காய அஞ்சல திங்கிறாளாமே? முழுகாம இருக்காளாமே?"

"யாரு சொன்னா மண்டோரய்யா?"

"லயமே சொல்லுது. அப்போ புள்ள யாருது? ஒண்ணு எவனோ ஒருத்தன். இல்லாட்டி மாரிமுத்து சயாம்லேருந்து ஓடியாந்து இங்க எங்கயோ ஒளிஞ்சிருக்கான். ஓடியாந்தவன சப்பான்காரன் என்னா செய்வான்னு ஒனக்குத் தெரியும்லா? ஒளிச்சு வச்சவளயும் சேத்துத்தான்."

தெரியும். பகாவ் பாசாரில் அப்படி ஓடிவந்த ஒருவனைக் கம்பத்தில் கட்டி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"நாளைக்குக் காலையில பெரட்டு முடிஞ்சதும் சப்பான்காரனயும் கூட்டிக்கிட்டு வர்றேன். மொத மரத்தப் பாக்கணும். காய் இருந்துச்சுன்னா நீ சொன்னது நெசம். அப்பறம் காடு கரை பூராவும் தேட வேண்டியதுதான். காய் இல்லன்னா, வெறும் பொம்பளப் பேச்சுன்னு விட்டுட்டுப் போவான்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசலில் காய்ந்த கிழங்குத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார்.

பிடிக்க வருகிறவன் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவானா? எதைத் தேடப்போகிறான், எது இல்லாவிட்டால் விட்டுவிடுவான் என்று விளக்கிவிட்டுப் போவானா? இந்தக் கேள்வி எனக்கு அப்போதே வந்தது. நான் கண்டுபிடித்த பதில், இது ஒரு பொறி என்பதுதான். என்னையும் அஞ்சலையையும் ஒன்றாகச் சிக்க வைக்க மண்டோர் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மழை

மழை பிடித்துக்கொண்டது. மத்தியான மழை, நாலடிக்கு அப்பால் ஆள் தெரியாத மழை. முக்காடு போட்டுக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் ஒரு கந்தல் துணியைத் தேங்காய்ச் சிரட்டையில் அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"ஏ புள்ள, உண்மையச் சொல்லு. முழுகாம இருக்கியா?"

"ஐயோ, இல்லக்கா!"

"அப்போ எங்காய எதுக்குத் திருடின?"

அவள் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "எனக்கில்லக்கா" என்றாள்.

"பின்ன யாருக்கு?"

அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அவருக்கு" என்றாள் கடைசியில். "பழைய ஸ்மோக்கவுஸ்ல மேல பலகையில படுத்திருக்காரு. ஈறெல்லாம் வீங்கி ரத்தமா வருதுக்கா, பல்லெல்லாம் ஆடுது. கெழங்க மெல்ல முடியல. நெல்லிக்காய நசுக்கி சாறு ஊத்தினா ரத்தம் நிக்குது. ஒங்ககிட்ட கேட்டா யாருக்குன்னு கேப்பீங்க. நான் என்னா சொல்லுவேன்?"

ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் அந்தக் கட்டடம் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. மாரிமுத்து திரும்பி வந்திருக்கிறான். எனக்கு நெஞ்சு பொங்கியது, சந்தோஷத்தில்தான். இரண்டு பேரும் ஒரே லாரியில் ஏறிப் போனவர்கள் ஆயிற்றே.

"அப்போ அவரு? அவரும் கூட வந்துட்டாரா? எங்க இருக்காரு?"

அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ நாளாகப் பார்க்காதவள் அப்போதுதான் பார்த்தாள். பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சொல்ல வேண்டியதே இல்லை. அவள் ஏன் என்னோடு நடக்காமல் முந்திக்கொண்டு போனாள், ஏன் என் காலைப் பார்த்துப் பேசினாள் என்பதெல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"வாந்திபேதிக்கா. ரெண்டே நாளு. ஆத்தோரம் கடைசி நேரத்துல இவருதான் தண்ணி குடுத்தாராம். மண்ணு தள்ளினதும் இவருதான்."

எனக்கு வாய்விட்டு அலற வேண்டும்போல் இருந்தது. அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சத்தம் வேணாங்கா. கும்புட்டுக் கேக்குறேன், சத்தம் வேணாம்" என்றாள். என் புருசன் செத்ததற்கு நான் அழக்கூடாது என்று அவள் கெஞ்சினாள். அவளை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. அவள் புருசன் பல் ஆடுகிறது என்று நெல்லிச்சாறு குடித்துக்கொண்டு பலகையில் படுத்திருக்கிறான். என் புருசன் எங்கேயோ ஒரு ஆற்றங்கரையில் கிடக்கிறார்.

நாளைக்கு மண்டோர் வரும்போது, "ஆமா, காய் இருக்கு, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டால் என்ன? அந்த எண்ணம் எனக்கு வந்தது. ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ நெஞ்சிலேயே நின்றது. ஆசிரியர் இந்த வரியை வெட்டாமல் இருக்கட்டும்.

பிறகு, "கூடையை எடு" என்றேன் அஞ்சலையிடம்.

கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் மரத்தை மொட்டையடித்தோம். கைக்கு எட்டியதைப் பறித்தோம், எட்டாததைத் துரட்டியால் இழுத்தோம். கணக்கெடுத்து வைத்த மாதிரி ஒவ்வொரு கிளையாக எனக்குத் தெரியும் என்பதால் ஒன்றும் தப்பவில்லை. மாரிமுத்துவுக்கு ஒரு சட்டி எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மரவள்ளிப் பாத்தியில் புதைத்தோம். பல வருஷம் மீன் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தின் காய்களை என் கையாலேயே மண்ணில் போட்டு மூடினேன். அந்த மழையில் நான் அழுதது அஞ்சலைக்கே தெரிந்திருக்காது.

"காய் இல்லேன்னா மட்டும் போதுமாக்கா? பிச்ச தழும்பு கெளையெல்லாம் தெரியுமே?" என்றாள் அவள்.

அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை.

பெரிய பொட்டு

காலையில் எழுந்து முகம் கழுவி, என்றைக்கும் இல்லாமல் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டேன். தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் செத்தது எனக்குத் தெரியும் என்றால், சொன்னது யார் என்று கேட்பார்களே. ஜப்பான்காரன் போகும்வரை தினமும் இப்படித்தான் வைத்தேன். விரல் நெற்றிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் எனக்கு உடம்பு கூசும்.

பெரட்டு முடிந்து மண்டோரும் ஒரு ஜப்பான் சிப்பாயும் வருவதைப் பார்த்ததும் நாங்கள் மரத்தடியில் ஆரம்பித்துவிட்டோம். நான் பாராங்கைப் பிடித்திருந்தேன். கெஞ்ச வேண்டியவள் அஞ்சலை.

சிப்பாய் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். இருவரும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினோம்.

"என்னா இது?" என்றார் மண்டோர்.

"மரம் காய்க்கல மண்டோரய்யா. பூத்துப் பூத்துக் கொட்டுது. அதான் மெரட்டுறோம்."

"குப்பம்மாகிட்ட காய் காய்ச்சிருக்குன்னு சொன்னியாமே?"

"பொய் சொன்னேன். இவளுக்கும் எனக்கும் சண்ட. இவ பேரக் கெடுக்கணும்னு சொன்னேன்." நான் சொன்னதில் அதுதான் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு கிளையை இழுத்து வளைத்தார். மழையில் கழுவியிருந்தாலும் தழும்புகள் வரிசையாக இருந்தன. அவரும் தோட்டத்தில் பிறந்தவர், பிய்த்த தழும்பு தெரியாத ஆளில்லை. கிளையை விட்டார்.

நான் பாராங்கை ஓங்கினேன். "காய்க்காத மரம் எதுக்கு? வெட்டிப்புடுறேன்!"

அஞ்சலை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவள் கண் சிப்பாயின் துப்பாக்கியிலேயே இருந்தது.

இரண்டாவது தடவையும் ஓங்கினேன். அவள் உதடு மட்டும் அசைந்தது. சிப்பாய் மண்டோரிடம் ஏதோ கேட்டான்.

மூன்றாவது தடவை ஓங்கிய கையோடு நின்றேன். யாரும் கெஞ்சவில்லை என்றால் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டாமல் கையை இறக்கினால் இது நாடகம் என்று மண்டோருக்கு விளங்கிவிடும். அப்போதுதான் பார்த்தேன். அவர் காலடியில், ஈர இலைகளுக்கு நடுவில், ஒரு நெல்லிக்காய் பச்சையாகக் கிடந்தது. எங்கள் கூடையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். அவரும் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டயர் செருப்பு மெதுவாக நகர்ந்து அந்தக் காயின் மேல் உட்கார்ந்தது.

"வேணாம் பாக்கியம்" என்றார் மண்டோர். "வெட்டாத. அடுத்த வருசம் காய்க்கும்."

பிறகு சிப்பாயிடம் திரும்பி, "இனி பொக்கோ தடா புவா, துவான்" என்றார். இந்த மரத்தில் காய் இல்லை என்று அர்த்தம். சிப்பாய் எங்களைப் பார்த்துப் பைத்தியக்காரிகள் என்பதுபோல் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்தான். அவன் திரும்பும்வரை மண்டோர் காலை எடுக்கவில்லை.

ஒரு சொல்

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. இதற்கு என்ன கூலி கேட்கப்போகிறாரோ என்று மாதக்கணக்கில் பயந்து கிடந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் எழுதிய பட்டியலில் போன ஆட்களில் ஒருவனாவது உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தாரா? இல்லை, ஓடிவந்தவன் தன் தோட்டத்தில் பிடிபட்டால் தன் தலைக்கும் ஆபத்து என்று மறைத்தாரா? நான் இரண்டாவதைத்தான் ரொம்ப நாள் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மாரிமுத்து தேறினான். ஜப்பான்காரன் தோற்றுப் போனபிறகு வெளியே வந்தான். அன்றைக்குத்தான் நான் குங்குமத்தை அழித்தேன், அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

வெள்ளைக்காரன் இன்னும் திரும்பி வராத நாட்கள் அவை. யாருக்கும் யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு காலையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் பாராங்கோடு வந்து மண்டோர் ரங்கசாமியைப் பெரட்டுக்களத்துக்கு இழுத்து வந்தார்கள். அவர் எந்த இடத்தில் நின்று பெயர்களை வாசித்தாரோ அதே இடத்தில் நிறுத்தினார்கள். புருசனைப் பறிகொடுத்த பெண்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தது.

"பாக்கியக்கா, ஒங்க வீட்டுக்காரர் பேர எழுதிக் குடுத்தது இந்தாளுதான? வெட்டணும்னா வேணும்னு சொல்லுங்க, விட்டுரணும்னா வேணாம்னு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. அந்தக் காலைப் பற்றியும் அந்தக் காயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் காலில் அதே டயர் செருப்பு இருந்தது. அஞ்சலையும் மாரிமுத்துவும் அங்கே இல்லை, முந்தின நாளே சிரம்பானுக்குப் போயிருந்தார்கள். நடந்தது தெரிந்தவள் அந்தக் களத்தில் நான் ஒருத்திதான்.

எனக்கு அந்த ஆற்றங்கரை நினைவுக்கு வந்தது. நான் பார்த்தேயிராத ஆற்றங்கரை. "மூணு மாசம்தான், திரும்பிருவாங்க" என்று சொன்ன குரலும் நினைவுக்கு வந்தது.

மறுபடியும் கேட்டார்கள். இன்னொரு தடவையும் கேட்டார்கள். மொத்தம் மூன்று தடவை. வேணாம் என்று அவர் எனக்காகச் சொன்ன அந்த ஒரு சொல் என் தொண்டைவரை வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவரை ஆற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருஷம் மரம் கிளை தாழக் காய்த்தது. அவர் சொன்னபடியே.